மூன்று பேர் இறங்கிய படகு

ஆமை பார்க்கத்தான் போனார்கள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அன்றைக்கு அன்செல்மோ வாயிலிருந்து வந்த வேறெதுவும் உண்மையில்லை.

அவன் மனைவி யாரித்சாவின் மகள் நஹியாராவுக்குப் பதினொரு வயது முடிந்திருந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருடமாகியும் அவள் அவனை அப்பா என்று கூப்பிடத் தொடங்கவில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "தண்ணிக்குள்ள முகத்தை வச்சு ஆமை பாக்கணும்" என்றாள். அன்செல்மோவுக்கு வாயெல்லாம் பல். ஆமைக்கு குலெப்ராவை விட்டால் வேறெங்கே போவது? அவன் பிறந்த தீவு. தமரிந்தோ கடற்கரையில் நெஞ்சளவு தண்ணீரில் மிதந்தாலே போதும், கீழே ஆமை புல் மேய்ந்துகொண்டிருக்கும். தண்ணீருக்குள் பார்க்கும் முகக்கண்ணாடி, மூச்சுக்குழல், காலில் மாட்டும் நீலத் துடுப்பு என்று மூன்று பேருக்கும் வாங்கி வந்தான். சனிக்கிழமை காலை ஒன்பது மணிப் படகில் போய் மாலை ஐந்து மணிப் படகில் திரும்புவதாக ஏற்பாடு.

அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை.

ஊரார் மரியாதையாக டோன்யா புரோவி என்று கூப்பிடும் அவள் அந்தத் தீவில்தான் இருந்தாள், படகுத்துறையிலிருந்து ஐந்து நிமிட நடையில். தாய்க்கும் மகனுக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை இருந்திருந்தால்கூட அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். அவள் வீட்டுக்குள் கால் வைத்தால் சோறாக்காமல் விடமாட்டாள், கல்யாணத்தன்று பார்த்த மருமகளைத் தெரு முழுக்கக் காட்டாமல் விடமாட்டாள், பகல் போய்விடும். கிறிஸ்துமஸுக்கு வந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு நேராக வேனில் ஏறிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் கணக்குப் போட்டான். பதினோரு வருடம் கடலுக்கு அப்பால் பெரிய தீவில், காகுவாஸில் குடியிருந்ததில் சொந்த ஊரின் லட்சணம் மறந்துபோயிருந்தது.

பெரிய தீவின் சேய்பா படகுத்துறைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டே முக்கால். வழியில் நஹியாரா இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள். சீட்டுக் கொடுக்குமிடத்தில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒம்போது மணிப் படகுக்குச் சீட்டு முடிஞ்சுபோச்சு. ஒரு மணிப் படகுல வேணா இடம் இருக்கு."

"ஒரு மணிக்குப் போயி எப்ப பாக்கறது, எப்ப திரும்பறது?" என்றாள் யாரித்சா.

"அதை என்கிட்ட கேட்டா?"

நஹியாரா கழுத்தில் தொங்கிய முகக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தாள். அழுதிருந்தால் அன்செல்மோ தாங்கியிருப்பான். "பரவால்ல அன்செல்மோ" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாளே, அதுதான் அவனைப் பிடித்துத் தள்ளியது.

அந்தத் துறையில் இரண்டு வரிசை. தீவுக்காரர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. இது சட்டம். சட்டத்தில் இல்லாத இன்னொன்றும் இருந்தது. யாராவது வரிசையின் தலைப்பக்கம் போய், "வீட்டுல நோயாளி இருக்கு" என்று சொன்னால் போதும், தீவுக்காரர்கள் விலகி இடம் கொடுப்பார்கள். படகு நிறைந்திருந்தால் ஒருவர் தன் சீட்டைக் கொடுத்துவிட்டு வரிசையிலிருந்து விலகுவார்; அதைத்தான் அவர்கள் இறங்குவது என்பார்கள். யாருக்கு, என்ன வியாதி என்று எவரும் கேட்கமாட்டார்கள். கேட்பது அசிங்கம். பிரசவத்துக்கும் பல்வலிக்கும் கடல் தாண்டவேண்டிய ஊரில் இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. அதில் பொய் சொல்லலாம் என்று அங்கே பிறந்த யாருக்கும் தோன்றியதே இல்லை.

அன்செல்மோவுக்குத் தோன்றியது. தோன்றியது என்றுகூடச் சொல்லமுடியாது. கால் நடந்துவிட்டது, வாய் சொல்லிவிட்டது.

"வீட்டுல நோயாளி இருக்கு. அம்மா."

வரிசையின் தலைப்பக்கம் நின்றது மோன்சே. அவன் அம்மா வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்காரி. பக்கத்தில் அவள் கணவன் லாலோ, ஒரு கண்ணில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக. முந்தின நாள்தான் பெரிய தீவில் கண்புரை அறுவை முடிந்திருந்தது. துணைக்கு அவர்கள் மகள். மோன்சே அவனை அடையாளம் கண்டுகொண்டு இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்தாள்.

"செல்மோ! புரோவிக்கா? ஐயோ, நான் முந்தாநாள்தானே பாத்துட்டு வந்தேன். நல்லாத்தானே இருந்தா!" பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி சரி, நீ ஏறு. அது யாரு, உன் பொண்டாட்டியா? பொண்ணா? மூணு பேரும் போங்க. நாங்க மூணு பேரு இறங்கிக்கறோம்."

"வேணாம் டோன்யா மோன்சே. டோன் லாலோவுக்குக் கண்ணு…"

"கண்ணு எங்கயும் ஓடிப்போகாதுடா," என்றார் லாலோ. "மதியம் போனாலும் இதே கண்ணுதான். ஏறு, ஏறு."

மூன்று பேர் இறங்க, மூன்று பேர் ஏறினார்கள்.

படகு கரையை விட்டு விலகிய பிறகுதான் யாரித்சா கேட்டாள். "உங்க அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல."

அவள் அவனையே பார்த்தாள். "அந்த மனுஷன் கண்ணைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துமா?"

அவன் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நீலத் துடுப்புகளை எப்படி உள்ளே திணிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தான். துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்து மடித்துப் பார்த்தான், குறுக்கே வைத்துப் பார்த்தான். என்ன செய்தாலும் ஒரு ஜோடி வெளியே தலைநீட்டியது. கடைசியில் தன் மாற்றுச் சட்டையை விரித்து அதன்மேல் போர்த்தினான்.

குலெப்ராவில் இறங்கியதும் பழைய திட்டப்படி தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டான். இரண்டடி வைப்பதற்குள் ஒரு கை அவன் தோளைப் பிடித்தது. வேன்காரன் கோயோ, பள்ளிக்கூடத்தில் அவனோடு படித்தவன். வேன் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"மோன்சே போன் பண்ணிட்டா. ஏறு சீக்கிரம்."

"கோயோ, நாங்க…"

"பேசாத. ஏறு." வண்டி புறப்பட்டது. "நேத்துகூட உங்கம்மா டாமினோ ஆட்டத்துல என்னைத் தோக்கடிச்சு, கழுதைன்னு திட்டினாங்கடா. இப்படித்தான், திடீர்னு வரும். நீ வந்த பாரு, அது போதும். மகன்னா இப்படி இருக்கணும்."

அன்செல்மோவுக்கு அந்த வேனின் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

வீட்டு வாசலில் எட்டுப் பேர் நின்றார்கள். ஒருத்தி கையில் கோழி சூப் பானை. அவனைக் கண்டதும் வழிவிட்டார்கள். உள்ளறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. வலிக்குத் தேய்க்கும் மலகேட்டா இலைத் தைலம் மூக்கைத் துளைத்தது. நெற்றியில் ஈரத்துணி கட்டி, கழுத்துவரை போர்த்தி, கண்மூடிப் படுத்திருந்தாள் டோன்யா புரோவி.

அவன் சொன்னது பலித்துவிட்டது என்றுதான் நினைத்தான். கட்டிலருகே அப்படியே மண்டியிட்டான். "அம்மா…"

ஒரு கண் திறந்தது.

"கதவைச் சாத்து."

சாத்தினான்.

"எனக்கு என்ன வியாதின்னு சொன்ன? சீக்கிரம் சொல்லு. நான் வயித்துவலின்னு சொல்லி வச்சிருக்கேன். நீ பாட்டுக்கு நெஞ்சுவலின்னு சொல்லியிருந்தீன்னா ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்."

"ஒண்ணும் சொல்லல. நோயாளின்னு மட்டும்தான்…"

"நல்லவேளை, அந்த மட்டுக்காவது புத்தி இருந்துச்சு." எழுந்து உட்கார்ந்தாள். ஈரத்துணி மூக்கில் இறங்கியது. "வாழைக்காய் பொரிச்சுக்கிட்டு இருக்கேன். மோன்சே தங்கச்சி ஓடி வர்றா, உனக்கு முடியலையாமே, உன் மகன் படகுல வர்றானாமேன்னு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. வாணலியை இறக்கி வச்சுட்டு வந்து படுத்துட்டேன்."

"ஏம்மா இப்படி?"

"பின்ன? தீவே சேந்து உன்னைப் பொய்யன்னு சொல்லட்டும்னு விடவா? சொல்லணும்னா நான் சொல்லுவேன். பொய்யா!" அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள், வலிக்கும்படியே.

கதவருகே யாரித்சா தலைகுனிந்து நின்றாள். நஹியாராவின் கையிலிருந்த பையில் சட்டை நழுவி, நீலத் துடுப்பு தெரிந்தது. கிழவி அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆமை பாக்க வந்தீங்களா?"

நஹியாராதான் பதில் சொன்னாள். "ஆமா. என் பிறந்தநாள்."

"அதுக்கப்புறம் இங்க வர்றதா இருந்தீங்களா?"

குழந்தைக்குப் பொய் சொல்ல வரவில்லை, அன்செல்மோவைப் பார்த்தாள். அன்செல்மோ தரையைப் பார்த்தான். டோன்யா புரோவி போர்வையின் ஓரத்தை இரண்டு தடவை நீவிவிட்டாள். அவ்வளவுதான். முகம் மாறவில்லை.

"சரி, வெளிய போயி கோயோகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. நோயாளி அறைல குழந்தை எதுக்குன்னு கிழவி விரட்டிட்டா, தமரிந்தோவுக்குக் கூட்டிப்போங்கன்னு. இடது பக்கம் பாறைகிட்ட போம்மா, அங்கதான் பெருசு மேயும். தொடாத, பின்னால துரத்தாத. அதுவா மூச்சு விட மேல வரும்." பிறகு மகனிடம், "நீ உக்காரு. அம்மா படுத்துக் கிடக்கறப்ப மகன் கடல்ல குளிச்சான்னா எனக்குத்தான் கேவலம்."

அன்று அவன் ஆமையைப் பார்க்கவில்லை. ஆறரை மணி நேரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். யாராவது கதவைத் தட்டினால் அவள் சட்டென்று படுத்து முனகுவாள், போனதும் எழுந்து, "எப்படி முனகினேன்?" என்று கேட்பாள். ஊரார் கொண்டுவந்த சூப்பை இரண்டு பேரும் வழித்துக் குடித்தார்கள். கட்டிலுக்கடியிலிருந்து டாமினோ பெட்டியை எடுக்கச் சொன்னாள். சத்தம் கேட்காமலிருக்கக் கட்டில்மேல் துண்டை விரித்து அதன்மேல் ஆடினார்கள். நாலு ஆட்டத்தில் நாலிலும் அவளே ஜெயித்தாள். நடுவில் யாரித்சாவைப் பற்றிக் கேட்டாள், அவன் வேலையைப் பற்றிக் கேட்டாள், அந்தக் குழந்தை ராத்திரி நன்றாகத் தூங்குகிறாளா என்று கேட்டாள். வாய்விட்டுச் சிரிக்க முடியாமல் தலையணையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வளர்ந்த பிறகு அம்மாவோடு அவ்வளவு நேரம் அவன் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததே இல்லை. அப்போது அது அவனுக்கு உறைக்கவில்லை. குழந்தை ஆமையைப் பார்த்திருப்பாளா என்றுதான் பாதி மனசு ஓடிக்கொண்டிருந்தது.

நாலரைக்குக் கிளம்பும்போது அவள் அவன் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"அடுத்த தடவை எனக்கு ஒண்ணும் இல்லாதப்ப வா."

"ஆகஸ்டுல வர்றேம்மா."

"ம்."

துறையில் ஐந்து மணிப் படகு வந்து நின்றது. மதியப் படகு வழக்கம்போல் ஓடவில்லையாம். இறங்கிய கூட்டத்தில் முதல் ஆள் மோன்சே, அவள் கையைப் பிடித்தபடி லாலோ. காலை ஒன்பது மணியிலிருந்து துறை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததில் அவர் முகம் வெளிறியிருந்தது. நல்ல கண்ணும் சிவந்திருந்தது.

"எப்படி இருக்கா புரோவி?"

"இப்ப பரவால்ல."

"கடவுள் காப்பாத்தினார்," என்றாள் மோன்சே. கையிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தைக் காட்டினாள். "அங்க சூடா போட்டான். அவளுக்குத்தான் வாங்கினேன், மெதுவா இருக்கும், வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது."

திரும்பும் வழியெல்லாம் நஹியாரா பேசிக்கொண்டே வந்தாள். ஆமை எவ்வளவு பெரிசு, அதன் முதுகில் எப்படிப் பாசி இருந்தது, மூச்சு விட வந்தபோது மூக்கு எப்படி இருந்தது. "நீ வந்திருக்கணும் அப்பா," என்றாள் நடுவில், தன்னையறியாமல். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லாமே செய்தான். அது கிடைத்தபோது லாலோவின் பிளாஸ்திரிதான் அவன் கண்முன் நின்றது.

ஆகஸ்டில் அவன் போகவில்லை. புயல் எச்சரிக்கை, வேலை, ஏதோ ஒன்று. சும்மா சொல்வானேன், வெட்கம்தான். அந்த வரிசையில் மோன்சேவையோ லாலோவையோ பார்க்க நேருமே என்ற வெட்கம். அம்மாவுக்கு வாரம் தவறாமல் போன் செய்தான். அவளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கு கோயோ கூப்பிட்டான்.

"செல்மோ, இந்தத் தடவை நிஜமாவே மோசம்டா. விடிகாலைல விழுந்துட்டாங்க. ஒரு பக்கம் அசைவே இல்ல. டாக்டர் பாத்துட்டு வீட்டுலயே வச்சுக்கங்கன்னு சொல்லிட்டார். உன்னைத்தான் கேக்கறாங்க. ஒம்போது மணிப் படகைப் பிடி. இடம் இல்லன்னா வரிசைல சொல்லு, ஏத்திப்பாங்க."

'இந்தத் தடவை நிஜமாவே' என்று அவன் சொன்னதை அன்செல்மோ கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலையில் அவன் இல்லை. யாரித்சா குழந்தையோடு பின்னால் வருவதாகச் சொன்னாள்; இவன் தனியாகப் பறந்தான்.

துறையில் எட்டரைக்கெல்லாம் நின்றான். பண்டிகைக் கூட்டம். ஒன்பது மணிப் படகுக்குச் சீட்டு முடிந்துவிட்டது என்றாள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண். அவன் நேராகத் தீவுக்காரர்கள் வரிசையின் தலைப்பக்கம் போனான்.

அங்கே லாலோ நின்றார்.

கண்ணில் கட்டு இல்லை. சலவைச் சட்டை, கையில் ஒரு மின்விசிறி பெட்டி. இரண்டு நாள் முன்பே சாமான் வாங்க வந்திருப்பார் போல. போன் வைத்துக்கொள்ளாத மனிதர். தீவில் நடந்தது எதுவும் அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை. அன்செல்மோவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"யாரு, செல்மோவா! பாத்தியா, இப்ப தூரத்திலேயே அடையாளம் தெரியுது!"

அன்செல்மோ வாயைத் திறந்தான். மூன்றே வார்த்தை. வீட்டில் நோயாளி இருக்கிறது என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொன்னால் இந்த மனிதர் ஒரு பேச்சுப் பேசாமல் சீட்டை நீட்டுவார், மின்விசிறிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே பெஞ்சுக்குப் போவார். அந்தப் பெஞ்சு அங்கேயே, கண்ணெதிரில் இருந்தது. போன தடவை அவர் அதில் உட்கார்ந்திருந்தது ஏழு மணி நேரம். வார்த்தை தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றது.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று லாலோவே கேட்டார். "நான் ஊரை விட்டு வந்து ரெண்டு நாள் ஆச்சு."

கேள்வியையே எடுத்துக் கொடுத்துவிட்டார் மனிதர். பதில் மட்டும் சொன்னால் போதும்.

"நல்லா இருக்காங்க, டோன் லாலோ."

"நல்லது. நீ இந்தப் படகுதானே?"

"இல்ல. ஒரு மணிக்கு. அவசரம் ஒண்ணும் இல்ல."

லாலோ அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் படகேறினார். மேல்தளத்தில் நின்று கையாட்டினார். படகு வளைந்து திரும்பியதும் அன்செல்மோ அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அதிசயமாக ஒரு மணிப் படகு நேரத்துக்கே கிளம்பியது.

குலெப்ரா துறையில் கோயோவின் வேன் நின்றது. எஞ்சின் ஓடவில்லை. கோயோ வண்டியில் சாய்ந்து நின்றான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான். அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"பதினொன்றரை," என்றான் கோயோ.

வீட்டில் எல்லாம் முடித்து, அம்மாவுக்கு நல்ல கவுன் உடுத்தியிருந்தார்கள். மோன்சே சமையலறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழவில்லை.

"பத்து மணிக்குப் படகு வந்தப்ப நீ இறங்குவேன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தோம். லாலோ தனியா வந்தார். செல்மோவைப் பாத்தீங்களான்னு கேட்டேன். பாத்தேனே, அம்மா நல்லா இருக்காங்கன்னு சொன்னானேங்கறார். விஷயம் தெரிஞ்சதும் வெளித் திண்டுல உக்காந்தவர்தான், இன்னும் எழுந்திரிக்கல." குரல் உடைந்தது. "ஏண்டா? ஒரு வார்த்தை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அன்செல்மோ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இனி மறைக்க என்ன இருக்கிறது.

"அன்னிக்கு நான் சொன்னது பொய், டோன்யா மோன்சே. அம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல. ஆமை பாக்க வந்தோம். டோன் லாலோகிட்ட மறுபடியும் அதே வார்த்தையை எந்த வாயால…"

"தெரியும்டா."

அவன் நிமிர்ந்தான்.

"எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலைல ஒரு தட்டு வாழைக்காய் பொரிச்சு எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தா உங்கம்மா. லாலோ முன்னால உக்காந்து, என் மகன் பொய் சொல்லிட்டான், அந்தக் கண்ணுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன்னா. லாலோ சிரிச்சார். அப்புறம் அவ முனகினது, நீ மண்டி போட்டது எல்லாத்தையும் நடிச்சுக் காட்டினா. மூணு பேரும் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம். பொய்யோ நிஜமோ, ஒரு நாள் முழுக்க என் மகன் என்கூட இருந்தான்னு இந்தத் தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா." மோன்சே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவகிட்டதான் கேட்டேன், அடுத்த தடவை உன் மகன் வந்து அப்படிச் சொன்னா என்ன பண்றதுன்னு. நிஜமா பொய்யான்னு பாக்காத, இறங்கிக்கோன்னா."

வெளித் திண்டில் லாலோ உட்கார்ந்திருந்தார். காலடியில் மின்விசிறிப் பெட்டி பிரிக்காமலே கிடந்தது. அன்செல்மோ அவர் முன்னால் போய் நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

லாலோ அவனை அண்ணாந்து பார்த்தார். அறுவை செய்த கண், மற்றதைவிடத் தெளிவாக இருந்தது.

"இறங்கியிருப்பேனேடா," என்றார்.